விழி அசைவுக்கும் காப்புரிமையா?

என்னோடு ஒரே கல்லூரியில் நெடுங்காலம் கணிதம் கற்பித்த நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற மூன்றாம் ஆண்டில் இயக்க நரம்பணு நோய்க்கு ஆளானார். கைகால்கள் செயலிழந்தன, பின்னர் பேச்சும் நின்றது. கண்கள் மட்டுமே கடைசி வரை அவர் சொற்படி கேட்டன. அவருடைய மகன் வெளிநாட்டிலிருந்து தருவித்துக் கொடுத்த கருவி ஒன்று, திரையில் தெரியும் எழுத்துகளில் எதன் மீது அவர் பார்வை நிலைக்கிறது என்பதைக் கண்டறிந்து, எழுத்துகளைச் சொல்லாக்கி ஒலித்தது. ஒரு சிறிய காரின் விலைக்குச் சற்றே குறைவாக இருந்தது அதன் விலை. ஒருமுறை அது பழுதானபோது, உதிரிபாகம் வந்து சேரும் வரை பல வாரங்கள் அந்த வீட்டில் அவருடைய குரல் இல்லை. மீண்டும் இயங்கத் தொடங்கிய நாளில் அவர் என்னிடம் எழுத்து எழுத்தாகக் கேட்டார்: "ஒரு கேமரா, சில சிறு விளக்குகள், கொஞ்சம் வடிவியல். இதற்கு ஏன் சார் இவ்வளவு விலை?"

அன்று என்னிடம் விடை இல்லை. தொழிலமைப்புப் பொருளாதாரத்தைப் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியவன் என்ற முறையில் அந்தக் கேள்வி என்னை உறுத்தியது. அதைத் தொடர்ந்து சென்றபோதுதான் காப்புரிமை ஆவணங்களைப் படிக்கும் பழக்கம் ஏற்பட்டது. நண்பர் இன்று இல்லை. அவருடைய கேள்வியோ முன்னைவிடப் பெரிதாகிவிட்டது. பார்வையைப் பின்தொடரும் அதே தொழில்நுட்பம் இப்போது தலையில் அணியும் திரைக் கருவிகளுக்குள் குடியேறியிருக்கிறது. மெட்டா நிறுவனம் 2022 அக்டோபரில் 1,499 டாலர் விலையில் வெளியிட்ட குவெஸ்ட் புரோ, சோனி 2023 பிப்ரவரியில் ஏறத்தாழ 550 டாலருக்குக் கொண்டுவந்த விளையாட்டுக் கருவி, ஆப்பிள் 2024 பிப்ரவரியில் 3,499 டாலருக்கு விற்கத் தொடங்கிய விஷன் புரோ ஆகிய மூன்றிலும் கண்ணை நோக்கிய கேமராக்கள் உள்ளன. விஷன் புரோவில் சுட்டெலியும் இல்லை, விசைப்பலகையும் தேவையில்லை. வேண்டியதைக் கண்ணால் பார்த்து, விரல்களைச் சேர்த்துக் கிள்ளினால் போதும்.

கணினியோடு மனிதன் பேசும் வழி கையிலிருந்து கண்ணுக்கு மாறுமானால், அந்த வழியில் சுங்கச்சாவடி வைக்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வி எழுகிறது. அதை நாடாளுமன்றங்கள் முடிவு செய்யவில்லை. வாஷிங்டனுக்கு அருகே அலெக்சாண்ட்ரியாவில் உள்ள அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் பரிசோதகர்கள், கோப்பு கோப்பாக முடிவு செய்துகொண்டிருக்கிறார்கள்.

தொழில்நுட்பத்தின் அடிப்படை எளியது. கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியைச் சிறு விளக்குகள் விழியின் மீது வீசுகின்றன. கார்னியாவின் வளைந்த பரப்பில் அந்த ஒளி புள்ளிகளாகப் பிரதிபலிக்கிறது. அந்தப் புள்ளிகளையும் கண்பாவையின் மையத்தையும் கேமரா ஒருசேரப் படம் பிடிக்கிறது. விழி திரும்பும்போது கண்பாவை நகர்கிறது. ஒளிப்புள்ளிகளோ அந்த அளவுக்கு நகர்வதில்லை. இரண்டுக்கும் இடையிலான தொலைவும் திசையும் பார்வை எங்கே செல்கிறது என்பதைச் சொல்லிவிடும். நண்பர் குறிப்பிட்ட வடிவியல் இதுதான்.

இது நேற்றுப் பிறந்ததன்று. வாசிக்கும்போது கண் சீராக ஓடுவதில்லை, தாவித் தாவிச் செல்கிறது என்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பிரெஞ்சுக் கண் மருத்துவர் எமில் ஜாவாலின் ஆய்வகத்தில் கவனிக்கப்பட்டது. அமெரிக்க உளவியலாளர் எட்மண்ட் ஹ்யூயி, நடுவே துளையிட்ட சாந்துக் கிண்ணம் ஒன்றைக் கண்ணின் மீதே பொருத்தி, அதில் இணைத்த அலுமினிய முள்ளின் மூலம் விழியசைவைப் பதிவு செய்தார்; வாசிப்பின் உளவியல் பற்றிய அவருடைய நூல் 1908இல் வந்தது. தலையில் அணியும் கணினித் திரையை ஐவன் சதர்லாண்ட் 1968இல் விவரித்தார். கண்பாவை, கார்னியா ஒளிப்புள்ளி ஆகிய இரண்டையும் ஒப்பிட்டுப் பார்வையை அளக்கும் முறை 1970களின் முற்பகுதியில் ஆய்விதழ்களில் வெளிவந்துவிட்டது. வாசகரின் பார்வை எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் எழுத்தைத் தெளிவாகக் காட்டி, சுற்றிலும் மறைக்கும் திரையை ஜார்ஜ் மெக்கான்கி, கீத் ரேய்னர் என்ற இரு உளவியலாளர்கள் 1975இல் ஆய்வுக்குப் பயன்படுத்தினர். ஆக, தலைத்திரை, பார்வையை அளக்கும் கேமரா, பார்வைக்கேற்ப மாறும் காட்சி ஆகிய மூன்றும் அரை நூற்றாண்டுக்கு முன்பே, தனித்தனியாகவேனும், உலகறிந்தவை.

அப்படியானால் இன்றைய நிறுவனங்கள் கண்டுபிடித்தது எதுவுமில்லை என்று சொல்ல வருகிறேனா? இல்லை. மேசை மீதிருந்த கருவியைத் தலைக்குள் கொண்டுவருவது கடினமான பொறியியல். அணிந்தவர் தலையை ஆட்டினால் கருவி மூக்கின் மீது ஒரு மில்லிமீட்டர் சறுக்கும். அந்தச் சறுக்கலையும் விழியசைவையும் பிரித்தறிய வேண்டும். கண்ணுக்கும் திரைக்கும் இடையே தடித்த வில்லை இருக்கிறது. கேமராவை எங்கே ஒளித்து வைப்பது? அகச்சிவப்பை மட்டும் திருப்பிவிட்டுக் கண்ணுறு ஒளியை ஊடுருவ விடும் கண்ணாடித் தகடு ஒரு வழி. வில்லையின் விளிம்பைச் சுற்றி விளக்குகளைப் பதிப்பது இன்னொரு வழி. இமை மயிர் மறைக்கும். மூக்குக்கண்ணாடி தேவையற்ற ஒளிப்புள்ளிகளை உண்டாக்கும். கூர்மையான பார்வை, நீட்டிய கையின் கட்டைவிரல் நகமளவு பரப்புக்குத்தான், ஏறத்தாழ இரண்டு பாகைக்குத்தான். ஆகவே அந்தப் பகுதியை மட்டும் நுட்பமாக வரைந்து, எஞ்சியதை மேலோட்டமாக வரைந்தால் கணினியின் உழைப்பு பெருமளவு குறையும். ஆனால் கண் அடுத்த இடத்துக்குத் தாவி முடிப்பதற்குள் காட்சி மாறிவிட வேண்டும். அதற்குக் கிடைப்பவை சில பத்து மில்லிநொடிகள். இத்தகைய இடர்களைத் தீர்த்தவருக்கு இருபதாண்டுக் காப்புரிமை வழங்குவதில் எனக்கு மறுப்பில்லை.

என் மறுப்பு வேறு வகைக் காப்புரிமை பற்றியது. 'இன்ன அமைப்பால் சறுக்கலைத் திருத்தும் முறை' என்று கேட்பது ஒன்று. 'பயனர் எதைப் பார்க்கிறார் என்று அறிந்து அதற்கேற்பச் செயல்படுமாறு அமைக்கப்பட்ட செயலி' என்று கேட்பது முற்றிலும் வேறு. முன்னது வழியைச் சொந்தமாக்குகிறது. மற்றவர் வேறு வழி தேடலாம். பின்னது போய்ச் சேரும் ஊரையே சொந்தமாக்குகிறது. இந்த இரண்டையும் பிரித்து, முன்னதை வழங்கிப் பின்னதை மறுப்பதுதான் பரிசோதகரின் தலையாய வேலை என்பேன்.

அந்த வேலைக்கு அவருக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு? மைக்கேல் ஃப்ரேக்ஸ், மெலிசா வாஸர்மன் என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர்கள் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து வருபவர்கள். அவர்கள் தரும் சராசரி, விண்ணப்பம் ஒன்றுக்கு 19 மணி நேரம். விண்ணப்பத்தைப் படிப்பது, உலகெங்கும் முன்னரே வெளிவந்தவற்றைத் தேடுவது, ஒப்பிடுவது, மறுப்பு எழுதுவது, விண்ணப்பதாரரின் பதிலைப் படித்து மீண்டும் எழுதுவது, வழக்கறிஞருடன் பேசுவது எல்லாம் அந்த 19 மணி நேரத்துக்குள் அடக்கம். நம் ஊரில் ஓர் ஆய்வேட்டைத் திருத்தும் வெளித்தேர்வாளர்கூட இதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்வார். குறைந்தபட்சம் எடுத்துக்கொண்டதாகச் சொல்வார்.

சட்டம் பரிசோதகரைக் கேட்கச் சொல்லும் கேள்விகள் நான்கு. காப்புரிமைக்கு உரிய வகைப் பொருளா? புதியதா? துறையறிந்தவருக்கு எளிதில் தோன்றாததா? மற்றவர் செய்து பார்க்கும் அளவுக்கு விவரிக்கப்பட்டுள்ளதா? இவற்றுள் மூன்றாவதுதான் போர்க்களம். ஒரு விண்ணப்பத்தைக் கற்பனை செய்வோம்: தலையில் அணியும் திரை, அகச்சிவப்பு விளக்கு, கேமரா, பார்வை விழும் இடத்தைத் தெளிவாக வரையும் செயலி. பரிசோதகர் இரண்டு பழைய ஆவணங்களை எடுக்கிறார். ஒன்றில் கேமரா பொருத்திய தலைத்திரை இருக்கிறது. மற்றொன்றில் பார்வைக்கேற்ப வரையும் மேசைத்திரை இருக்கிறது. இரண்டையும் இணைப்பது துறையறிந்தவருக்கு இயல்பாகத் தோன்றும் என்று சொல்லி மறுக்கிறார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2007இல் கேஎஸ்ஆர் எதிர் டெலிஃப்ளெக்ஸ் வழக்கில் இதற்கு இடம் தந்தது. காரின் மிதிகட்டையில் மின்னணு உணரியைப் பொருத்தியது பற்றிய வழக்கு அது. அறிந்த பொருள்களை அறிந்த முறையில் சேர்த்து, எதிர்பார்த்த பயனை மட்டுமே பெற்றால் அது காப்புரிமைக்குத் தகுதியற்றது என்பது அதன் சாரம்.

மறுப்பு வந்ததும் விண்ணப்பதாரர் சொற்களை மாற்றுகிறார். 'கேமரா' என்பது 'வில்லையின் விளிம்பில் உள்ள கேமரா' ஆகிறது. பரிசோதகர் மூன்றாவது ஆவணத்தைத் தேடி எடுத்து 'இறுதி மறுப்பு' எழுதுகிறார். ஆனால் அமெரிக்காவில் இறுதி மறுப்பு இறுதியானதன்று. கட்டணம் செலுத்திப் பரிசோதனையைத் தொடரக் கேட்கலாம், மறுபடியும் கேட்கலாம். காப்புரிமை கிடைத்த பிறகும், அதே விவரக் குறிப்பை வைத்துக்கொண்டு 'தொடர்ச்சி' விண்ணப்பங்கள் போட்டு, போட்டியாளர் சந்தைக்குக் கொண்டுவந்த பொருளைப் பார்த்து அதைச் சுற்றி வளைக்கும்படி புதிய உரிமைக் கோரல்களை எழுதலாம். பணம் உள்ளவருக்குக் களைப்பே கிடையாது. பரிசோதகரோ முடித்த பணிக்கு மதிப்பெண் பெறும் முறையில் வேலை செய்பவர். வழங்கிவிட்டால் கோப்பு மூடும், மறுத்தால் திரும்பி வரும். பரிசோதகர் பதவி உயர்வு பெறும்போது அவருக்கு ஒதுக்கப்படும் நேரம் குறைகிறது. அதே வேளையில் அவர் வழங்கும் காப்புரிமைகளின் விகிதம் கூடுகிறது என்று ஃப்ரேக்ஸும் வாஸர்மனும் கண்டறிந்தனர். பரிசோதகர்களின் நேர்மையில் குறை காண வேண்டியதில்லை. ஊக்கமும் நேரமும் எந்தப் பக்கம் சாய்கின்றனவோ, அந்தப் பக்கமே முடிவுகளும் சாயும் என்பது பொருளியல் படிக்கும் முதலாண்டு மாணவனுக்கும் தெரியும்.

இதில் சொற்களின் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. மெக்கான்கியும் ரேய்னரும் கையாண்ட முறையை உளவியலார் ஒரு பெயரால் அழைக்கின்றனர். திரைக் கருவி உலகில் அதன் நெருங்கிய உறவுக்கு 'ஃபோவியேட்டட் ரெண்டரிங்' என்று பெயர். விமானப் பயிற்சிக் கருவிகளைச் செய்தவர்கள் வேறொரு பெயர் வைத்திருந்தார்கள். காப்புரிமை வழக்கறிஞரோ, தன் விண்ணப்பத்தில் தானே அகராதி எழுதிக்கொள்ளச் சட்டத்தால் அனுமதிக்கப்பட்டவர். அவர் நான்காவது பெயர் ஒன்றைப் படைப்பார். 19 மணி நேரத்தில் சில மணி நேரமே தேடலுக்குக் கிடைக்கும் பரிசோதகர், பெரும்பாலும் பழைய காப்புரிமை ஆவணங்களுக்குள் தேடுகிறார். அங்கேதான் ஆவணங்கள் வகைப்படுத்தி அடுக்கப்பட்டுள்ளன. கண் அசைவு பற்றிய பழைய அறிவோ உளவியல் ஆய்விதழ்களிலும், கண் மருத்துவ மாநாட்டு மலர்களிலும், உடல் ஊனமுற்றோருக்குக் கருவி செய்த சிறு பட்டறைகளின் கையேடுகளிலும் சிதறிக் கிடக்கிறது. இருக்கிறது என்றே அறியாத ஒன்றை யாரால் தேட முடியும்?

ஓர் உண்மையான காப்புரிமையைப் பார்ப்போம். கூகுள் நிறுவனம் 2011இல் விண்ணப்பித்து 2013 ஆகஸ்டில் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை எண் 8,510,166, தலையில் அணியும் கருவியின் மூலம் பார்வையைப் பின்தொடரும் அமைப்பு பற்றியது. அணிந்தவர் முன்னுள்ள காட்சியும் அவர் பார்வையின் திசையும் தொலைவிலுள்ள கணினிக்கு அனுப்பப்படும்; அவர் பார்த்த பொருள்கள் அடையாளம் காணப்பட்டுப் பதிவேட்டில் ஏறும். விளம்பரத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைக் கொண்டு விளம்பரதாரரிடம் கட்டணம் வாங்கலாம் என்றும், கண்பாவை விரிவதைக் கொண்டு பார்ப்பவரின் உணர்ச்சியை ஊகிக்கலாம் என்றும் அதன் விவரக் குறிப்பு பேசுகிறது. காப்புரிமை பெற்றதெல்லாம் கடைக்கு வருவதில்லை; இது வந்தது என்றும் நான் சொல்லவில்லை. என் கவனத்தை ஈர்த்தது வேறு. விருப்பமானதைப் பார்க்கும்போது கண்பாவை விரிகிறது என்று எக்கார்ட் ஹெஸ், ஜேம்ஸ் போல்ட் இருவரும் 1960இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினர். அந்தப் பத்தாண்டிலேயே விளம்பர ஆய்வாளர்கள் அதைப் பிடித்துக்கொண்டனர். கண்பாவையும் விருப்பமும் விளம்பரமும் அரை நூற்றாண்டு காலமாக ஒரே மேசையில் அமர்ந்திருந்தவை. கூகுளின் அமைப்பில் புதியது இல்லவே இல்லை என்பதன்று என் வாதம். புதியது எங்கே தொடங்குகிறது என்ற கோட்டை வரைய, உளவியல் வரலாறு தெரிந்த ஒருவர் அந்த அறையில் இருந்திருக்க வேண்டும் என்பதே.

பரிசோதகரின் நான்கு கேள்விகளிலும் இல்லாத ஐந்தாவது கேள்வி ஒன்று உண்டு: இதைச் செய்யத்தான் வேண்டுமா? ஒருவர் எதைப் பார்த்தார், எவ்வளவு நேரம் பார்த்தார், பார்த்தபோது உள்ளம் எப்படி அசைந்தது என்பவற்றைப் பதிவு செய்து விற்பது சரியா? அமெரிக்காவில் 1817இல் நீதிபதி ஜோசஃப் ஸ்டோரி, சமூக ஒழுக்கத்துக்குக் கேடான கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை இல்லை என்ற கருத்தை முன்வைத்தார். 1999இல் ஒரு குளிர்பான இயந்திர வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தக் காவல் வேலை காப்புரிமை அலுவலகத்துக்கு உரியதன்று என்று கைகழுவிவிட்டது. ஐரோப்பிய ஒப்பந்தத்தின் 53ஆம் பிரிவும் இந்தியச் சட்டத்தின் 3(பி) பிரிவும் பொது ஒழுங்கு, ஒழுக்கம் பற்றிப் பேசுகின்றன. நடைமுறையில் அவை அரிதாகவே எழுந்து நிற்கின்றன. பரிசோதகரே தணிக்கையாளராகவும் இருக்கட்டும் என்று நான் கேட்கமாட்டேன். அந்தக் கேள்விக்குத் தரவுப் பாதுகாப்புச் சட்டமே உரிய இடம். நம்முடைய 2023ஆம் ஆண்டுச் சட்டம், உடலிலிருந்து பெறும் தரவையும் மற்ற தனிநபர் தரவையும் ஒரே தட்டில்தான் வைத்திருக்கிறது. இது தனிக் கட்டுரைக்கு உரிய பொருள்.

காப்புரிமைக்கே திரும்புவோம். இவ்வளவு குறைந்த நேரத்தில் பரிசோதிப்பது தவறே இல்லை என்று வாதிட்ட அறிஞரும் உண்டு. சட்டப் பேராசிரியர் மார்க் லெம்லி 2001இல் எழுதிய கட்டுரை எங்கள் துறையில் புகழ்பெற்றது. வழங்கப்படும் காப்புரிமைகளில் மிகப் பெரும்பாலானவற்றை யாரும் வழக்காடு மன்றத்துக்குக் கொண்டு செல்வதில்லை. பலவற்றால் ஒரு டாலர் வருவாயும் இல்லை. எது முக்கியமாகும் என்று முன்கூட்டியே தெரியாதபோது, எல்லாவற்றையும் ஆழமாகச் சோதிப்பது வீண் செலவு. முக்கியமானவற்றை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவர் வாதம். கணக்காகப் பார்த்தால் அழகான வாதம். நானே இதைப் பல ஆண்டுகள் ஒப்புதலோடு கற்பித்திருக்கிறேன். ஃப்ரேக்ஸும் வாஸர்மனும் பின்னர் அதே கணக்கை விரிவான தரவுகளோடு போட்டுப் பார்த்து, பரிசோதகருக்குக் கூடுதல் நேரம் தருவதால் ஆகும் செலவைவிட அதனால் மிச்சமாகும் வழக்குச் செலவும் நடைமுறைச் செலவும் அதிகம் என்று முடிவு கூறினர்.

என் மனம் மாறியதற்கு அந்தக் கணக்கு மட்டும் காரணமன்று. இரு தரப்பினருடைய கணக்கிலும் ஏறாத செலவு ஒன்று இருக்கிறது. வழக்கு தொடுக்கப்படுவதற்கு முன்பே விலகிக்கொள்பவனின் செலவு அது. அகலமான காப்புரிமை ஒன்று இருப்பது தெரிந்ததும், முதலீட்டாளர் சிறு நிறுவனத்திலிருந்து கை எடுத்துவிடுகிறார். அங்கே வழக்கு இல்லை, தீர்ப்பு இல்லை, புள்ளிவிவரமும் இல்லை. வழங்கப்பட்ட காப்புரிமையை எதிர்த்து முறையிட 2012 செப்டம்பர் முதல் அமெரிக்க அலுவலகத்திலேயே தனி மன்ற நடைமுறை இருக்கிறது. அது நீதிமன்றத்தைவிட மலிவு. ஆனாலும் ஊனமுற்றோருக்குக் கருவி செய்யும் பட்டறையால் தாங்கக்கூடிய மலிவு அன்று. ஒருவரின் கண்டுபிடிப்பு அடுத்தவரின் கண்டுபிடிப்புக்குப் படிக்கட்டாகும் துறைகளில், முதலாமவருக்கு எவ்வளவு தர வேண்டும் என்ற சிக்கலை சூசன் ஸ்காட்ச்மர் 1991இல் தெளிவாக எடுத்துக்காட்டினார். முதலாமவருக்குக் குறைத்தால் அவர் தொடங்கமாட்டார். கூட்டினால் இரண்டாமவர் தொடங்கமாட்டார். கண் அசைவுத் துறையில் இரண்டாமவர்தான் என் நண்பரைப் போன்றவர்களுக்கு வேண்டியவர்.

அந்த இரண்டாமவர்கள் இருந்தார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த 'தி ஐ ட்ரைப்' என்ற சிறு நிறுவனம் பார்வையைப் பின்தொடரும் கருவியை 99 டாலருக்கு விற்றது. அதற்கும் முன்பே, 2009இல், நோயால் உடல் முழுதும் செயலிழந்த லாஸ் ஏஞ்சலஸ் சுவரோவியக் கலைஞர் ஒருவர் கண்ணாலேயே வரைவதற்காக, கலைஞர்களும் நிரலாளர்களும் கூடி மலிவான மூக்குக்கண்ணாடியிலும் கேமராவிலும் 'ஐரைட்டர்' என்ற கருவியைச் செய்து, அதன் நிரலை யாவருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். பிறகு பெரிய நிறுவனங்கள் வந்தன. 2016 அக்டோபரில் ஐஃப்ளுயன்ஸ் நிறுவனத்தைக் கூகுள் வாங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் தி ஐ ட்ரைப் நிறுவனத்தை ஃபேஸ்புக் வாங்கியது. 2017இல் ஜெர்மனியின் எஸ்எம்ஐ நிறுவனத்தை ஆப்பிள் வாங்கியது. ஓராண்டுக்குள் மூன்று நிறுவனங்களும் அவற்றின் பொறியாளர்களும் தலைத்திரைப் போட்டிக்குள் இழுக்கப்பட்டனர். 99 டாலர் கருவி சந்தையிலிருந்து மறைந்தது.

நண்பரின் கேள்விக்கு நேர்மையாக விடை சொல்வதானால், அவருடைய கருவியின் விலைக்குக் காப்புரிமை மட்டும் காரணமன்று. வாங்குவோர் மிகச் சிலர்; மருத்துவக் கருவிக்கான விதிமுறைகள், வீட்டுக்கு வந்து பழக்கித் தரும் செலவு, மேலை நாடுகளில் காப்பீட்டு நிறுவனம் பணம் தருவதால் விலையைக் குறைக்கும் அவசரமின்மை என்று காரணங்கள் பல. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2024இல் ஆப்பிள் தன் கைப்பேசிகளிலும் ஐபேடுகளிலும் முன்பக்கக் கேமராவைக் கொண்டே கண்ணால் இயக்கும் வசதியைத் தந்தது. தனிக் கருவி வாங்கத் தேவையில்லை. காப்புரிமைகளைக் குவிக்கும் அதே நிறுவனத்திடமிருந்துதான் இந்த நன்மையும் வந்திருக்கிறது. பெரிய நிறுவனம் என்றால் தீமை என்று எழுதுவது எளிது. உண்மை அவ்வளவு எளிதாக இல்லை. ஆனால் அந்த வசதி எந்த மொழியில், எந்தக் கருவியில், எத்தனை ஆண்டுகளுக்கு என்பதெல்லாம் அந்த நிறுவனம் ஒன்றின் விருப்பத்தில் நிற்கிறது. மற்றவர்கள் செய்ய முடியுமா என்பதைக் காப்புரிமையின் அகலம் தீர்மானிக்கிறது.

இதில் இந்தியாவுக்கு என்ன வேலை? காப்புரிமை நாட்டுக்கு நாடு தனியானது. பன்னாட்டு ஒப்பந்த வழியில் அமெரிக்காவில் தொடங்கும் விண்ணப்பம், முதல் தேதியிலிருந்து 31 மாதங்களுக்குள் இந்தியாவுக்கும் வரலாம். அவ்வாறு வருபவற்றை கொல்கத்தா, தில்லி, மும்பை, சென்னை அலுவலகங்களில் நம் பரிசோதகர்கள் தனியே சோதிக்க வேண்டும். அவர்கள் கையில் அமெரிக்கப் பரிசோதகரிடம் இல்லாத சில கருவிகள் உள்ளன. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து பின்னர் உச்ச நீதிமன்றம் சென்ற என். ராஜகோபால ஐயங்கார் 1959இல் அளித்த அறிக்கை, இந்தியாவில் வழங்கப்பட்ட காப்புரிமைகளில் 80 முதல் 90 விழுக்காடு வெளிநாட்டவரிடம் இருந்ததை எடுத்துக்காட்டியது. அதன் அடியொற்றி எழுந்த 1970ஆம் ஆண்டுச் சட்டம், இன்றைய வடிவில், கணினி நிரலை நிரலாக மட்டும் காப்புரிமைக்கு உரியதாக ஏற்பதில்லை. வணிக முறைகளையும் படிமுறைத் தீர்வுகளையும் ஏற்பதில்லை. பார்த்த விளம்பரத்துக்குக் கட்டணம் என்பது, கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்தாலும் வணிக முறைதான். அதே வேளையில், தொழில்நுட்பப் பயன் உண்மையில் இருந்தால் நிரல் கலந்திருப்பதாலேயே மறுத்துவிடக் கூடாது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2019இல் ஃபெரித் அல்லானி வழக்கில் சொல்லியிருக்கிறது. சறுக்கலைத் திருத்தும் முறைக்குக் கதவு திறந்திருக்கிறது. கோட்டை வரையச் சட்டம் இடம் தருகிறது. வரைவதற்கு ஆளும் நேரமும் வேண்டும்.

அங்கேதான் கவலை. பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழு 2022 ஆகஸ்டில் வெளியிட்ட ஆய்வறிக்கையின்படி, இந்தியக் காப்புரிமை அலுவலகத்தில் பரிசோதகர்களும் கட்டுப்பாட்டு அதிகாரிகளுமாகச் சேர்த்து இருந்தவர்கள் சுமார் 860 பேர். அமெரிக்காவில் 8,132 பேர். சீனாவில் 13,704 பேர். அதன் பின் புதியவர்கள் சேர்க்கப்பட்டுள்ளனர். ஆனால் 2023-24 நிதியாண்டில் நாம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட காப்புரிமைகளை வழங்கி, அதைச் சாதனையாக அறிவித்தோம். எண்ணிக்கை கூடுவதைச் சாதனையாகக் கொள்வது எனக்குப் புரியவில்லை. விடைத்தாள் திருத்தும் வேகத்தை வைத்துப் பல்கலைக்கழகத்தின் தரத்தை அளப்போமா?

நம் சட்டத்தின் மிகச் சிறந்த பகுதி 25ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு. விண்ணப்பம் வெளியான பிறகு, காப்புரிமை வழங்கப்படுவதற்கு முன், யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு அளிக்கலாம். பாதிக்கப்பட்டவராக இருக்க வேண்டியதில்லை. போட்டியாளராக இருக்க வேண்டியதில்லை. மருந்துக் காப்புரிமைகளில் நோயாளி அமைப்புகள் இதைத் திறம்படப் பயன்படுத்தியுள்ளன. மின்னணுத் துறையில் அத்தகைய பழக்கம் நம்மிடம் வேரூன்றவில்லை. 2024 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட விதிகள் இந்த வாயிலைச் சற்றுக் குறுக்கியுள்ளன. மனு ஏற்கத்தக்கதா என்று அதிகாரி முதலில் முடிவு செய்வார். மனுதாரர் கட்டணமும் செலுத்த வேண்டும். பொய் மனுக்களால் தாமதம் ஏற்பட்டது உண்மை. அதற்காக, அலுவலகத்துக்கு இலவசமாகத் தேடித் தரும் அறிவாளிகளையும் சேர்த்துத் தடுப்பது சிக்கனம் ஆகாது. லாப நோக்கமற்ற நிறுவனங்களுக்கும் கல்வி நிலையங்களுக்கும் அந்தக் கட்டணத்தை நீக்குவது மத்திய அரசுக்குப் பெரிய இழப்பில்லை. காப்புரிமை பெற்றதை இந்நாட்டில் பயன்படுத்துகிறார்களா என்று ஆண்டுதோறும் தந்த அறிக்கையை மூன்றாண்டுக்கு ஒருமுறை என்று தளர்த்தியதையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும். வாங்கி வைத்துக்கொண்டு மற்றவரை மட்டும் தடுக்கும் காப்புரிமையை அடையாளம் காண வேறு வழியில்லை.

எஞ்சியது நம் கல்லூரிகளின் பங்கு. காப்புரிமை அலுவலகத்தின் இதழ் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இணையத்தில் இலவசமாக வெளியாகிறது. அதில் விண்ணப்பம் வெளியான நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் காப்புரிமை வழங்கப்படக் கூடாது என்பது விதி. ஒரு பொறியியல் கல்லூரியின் மின்னணுத் துறை ஆசிரியர் ஒருவர், உளவியல் துறையிலிருந்து ஒருவர், கண் ஒளியியல் கற்பிக்கும் ஒருவர் என மூவர் மாதம் ஒரு பிற்பகல் கூடி, பார்வையைப் பின்தொடரும் கருவிகள் பற்றிய விண்ணப்பங்களை மட்டும் எடுத்துப் படிக்கலாம். உரிமைக் கோரலின் முதல் பத்தியைப் படித்துவிட்டு, இதே செய்தியைத் தம் துறையின் பழைய பாடநூலிலோ ஆய்விதழிலோ கண்டதுண்டா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டால் போதும். கண்டதுண்டு என்றால் அந்தப் பக்கத்தின் நகலையும், எந்தச் சொல் எந்தச் சொல்லுக்கு ஈடு என்ற விளக்கத்தையும் இணைத்து மனுவாக அனுப்பலாம். படிவம் ஏழு-ஏ என்பது அதன் பெயர். வழக்கறிஞர் கட்டாயமில்லை.